கேட்டுக்கு வெளியே கிடக்கும் மூட்டை

திருப்பூரில் பனியன் கம்பெனிகளைச் சுற்றியுள்ள தெருக்களில் லைன் வீடுகள் வரிசையாக நிற்கும். ஒரே கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு அறைகள், நடுவே நடந்துபோக ஒரு சந்து, கடைசியில் பொதுக் குளியலறையும் கழிப்பறையும், வாசலில் ஓர் இரும்பு கேட். அந்த கேட்டுக்கு வெளியே மின்கம்பத்தின் அடியில், அல்லது சாக்கடை ஓரத்தில், முடிச்சுப் போட்ட கேரி பேக்குகள் குவிந்து கிடக்கும். அதில் ஒன்றைக் கொஞ்சம் நின்று பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பது வெளியிலிருந்தே தெரியும். அடியில் கசியும் நேற்றைய குழம்பு, வெங்காயத் தோல், முட்டை ஓடு, பால் பாக்கெட், கத்தரித்துப் போட்ட ஷாம்பு பாக்கெட், செய்தித்தாளில் சுற்றிய நாப்கின், சில நேரம் குழந்தையின் டயப்பர். விடிவதற்குள் நாய் ஒரு முனையைக் கிழித்திருக்கும். வெயில் ஏறியதும் மாடு வந்து மிச்சத்தை இழுக்கும், பிளாஸ்டிக்கோடு சேர்த்துத் தின்னும். சாயங்காலத்துக்குள் பாதி சாக்கடைக்குள் இறங்கிவிடும். இரவு ஒன்பதரை மணிக்குமேல் அதே இடத்தில் புதிய பைகள் வந்து விழும்.

இதைப் பற்றிப் பேச்சு வந்தால் தெருவில் கிடைக்கும் பதில் ஒன்றுதான். "வாடகைக்கு இருக்கறவங்களுக்கு என்னங்க அக்கறை? இன்னைக்கு இங்க, நாளைக்கு எங்கயோ." வட மாநிலத் தொழிலாளர்கள் குடியிருக்கும் காம்பவுண்டு என்றால், "அவங்க ஊர்ல அப்படித்தான்" என்று இன்னொரு வரியும் சேர்ந்துகொள்ளும். இந்த விளக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதே அறைகளின் உள்ளே எட்டிப் பார்த்தால் தரை துடைத்திருக்கும், செருப்பு வாசலிலேயே நிற்கும், பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருக்கும். அதே ஆட்கள்தான் ஏற்றுமதிக்குப் போகும் துணியில் ஒரு கறைகூடப் படாமல் பகல் முழுவதும் வேலை செய்கிறார்கள். உள்ளே சுத்தமாக இருப்பவர் கேட்டைத் தாண்டியதும் அசுத்தமானவராக மாறிவிடுகிறார் என்றால், மாறுவது அவருடைய குணமாக இருக்க முடியாது. கேட்டுக்கு உள்ளே ஒவ்வோர் அடிக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். கேட்டிலிருந்து குப்பை வண்டி வரைக்கும் உள்ள சில அடி தூரத்துக்கு யாரும் இல்லை. வீட்டு உரிமையாளர், குடியிருப்பவர், மாநகராட்சி என்ற மூவரும் தங்கள் வேலை அதற்கு முன்பே முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். இந்த இடைவெளியை முதலில் அடைக்க வேண்டியவர் வாடகை வாங்குபவர்தான் என்பது என் வாதம். அதற்கான காரணங்களைப் பார்ப்போம்.

முதலில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பனியன் கம்பெனியில் ஷிப்ட் காலை எட்டரைக்குத் தொடங்கும். ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார். குப்பை வண்டி பெரும்பாலும் காலையில் வருகிறது. எட்டு மணிக்கு முன்னால் வந்தால் குளியலறைக்கு வரிசையில் நிற்கும் நேரம். ஒன்பதுக்கு மேல் வந்தால் எல்லா அறைக் கதவிலும் பூட்டு. வண்டிக்காரர் விசில் அடித்துப் பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போவார், அவருக்கும் முடிக்க வேண்டிய தெருக்கள் இருக்கின்றன. சொந்த வீட்டில் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. அங்கே யாராவது ஒருவர் வீட்டில் இருப்பார், பின்பக்கம் கொஞ்சம் இடம் இருக்கும், மூடி போட்ட வாளியில் குப்பை ஒருநாள் காத்திருக்கும். பத்துக்குப் பத்து அறையில் மூன்று பேர் படுத்து, அங்கேயே ஸ்டவ் வைத்துச் சமைக்கும்போது, சோறும் மீன் முள்ளும் கலந்த பையை எங்கே வைப்பது? நம் ஊர் வெயிலில் காலையில் கட்டிவைத்த பை இரவுக்குள் நாறிவிடும், புழு வைக்கும். அந்த அறையில் தூங்கியாக வேண்டியவர் அதை வெளியே போடுவது அக்கறையின்மையால் இல்லை, வேறு இடம் இல்லாததால். வீடு வீடாகக் குப்பை வாங்கும் முறை வந்தபோது பல ஊர்களில் தெருமுனைத் தொட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். தொட்டி இருந்த இடத்தில் இன்று தொட்டி இல்லை, ஆனால் மூட்டை அதே இடத்தில்தான் விழுகிறது.

அடுத்தது காகிதம். பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் ஒன்றை எடுத்துப் படித்தால் அதில் இல்லாத விஷயம் குறைவு. கரண்ட் பில் யூனிட்டுக்கு எவ்வளவு, தண்ணீர் மோட்டாருக்கு மாதம் எவ்வளவு, சுவரில் ஆணி அடிக்கலாமா, காலி செய்யும்போது பெயின்ட் செலவு யாருடையது என்று வரிவரியாக எழுதியிருக்கும். குப்பை என்ற சொல்லைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். லைன் வீடுகளில் பெரும்பாலும் ஒப்பந்தமே கிடையாது, வாய்ப்பேச்சுதான். சட்டமும் இந்த இடத்தில் வாய் திறக்கவில்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் பற்றித் தமிழ்நாடு 2017-ல் ஒரு தனிச் சட்டம் இயற்றியது. 2019 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. எந்தப் பராமரிப்பு யாருடைய வேலை என்று அதில் ஓர் அட்டவணை இருக்கிறது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, வயரிங் ஆகியவை உரிமையாளருக்கு. குழாய் வாஷர் மாற்றுவது, வடிகால் அடைப்பு எடுப்பது, சுவிட்ச், பூட்டு ஆகியவை வாடகைதாரருக்கு. குழாய் வாஷர் வரைக்கும் யோசித்த அட்டவணையில் அன்றாடக் குப்பைக்கு ஒரு வரி இல்லை. மத்திய அரசின் 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும், தெருவிலோ நீர்நிலையிலோ கொட்டக் கூடாது, கட்டணம் செலுத்த வேண்டும் என்று குப்பை உண்டாக்குவோர் அனைவருக்கும் பொதுவாகக் கடமை விதித்தன. வாடகை வீட்டில் அந்தக் கடமை உரிமையாளருக்கு எவ்வளவு, குடியிருப்பவருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கவில்லை. நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை வரும் கட்டடங்களுக்குத் தனிப் பொறுப்பு உண்டு. பன்னிரண்டு அறை, அறைக்கு மூன்று பேர், ஆளுக்கு 400 கிராம் என்று வைத்தால் ஒரு காம்பவுண்டில் சேர்வது 14 கிலோ சொச்சம். 100 கிலோ வர 250 பேர் வேண்டும். தனி வீட்டைவிடப் பல மடங்கு குப்பை சேரும் இடம், பெரிய வளாகங்களுக்கான கட்டுப்பாட்டுக்குள்ளும் வருவதில்லை.

பணத்தின் பாதையும் இதே மாதிரிதான். தமிழ்நாட்டின் பல நகராட்சி, மாநகராட்சிகளில் குப்பைக்கான கட்டணத்தைச் சொத்து வரியோடு சேர்த்தே வாங்குகிறார்கள். மக்கள் அதைக் குப்பை வரி என்றே சொல்கிறார்கள். அந்த ரசீது போவது உரிமையாளர் கைக்கு. அவர் வேறு தெருவில், சில நேரம் வேறு ஊரில் இருப்பார். வரி கட்டியாகிவிட்டது, இனி மாநகராட்சி பாடு என்பது அவர் நிலை. குடியிருப்பவருக்கு அப்படியொரு கட்டணம் இருப்பதே தெரியாது, அதனால் வண்டி வரவில்லை என்றால் கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்றும் அவர் நினைப்பதில்லை. கட்டணத்தைத் தனியாக வீட்டு வாசலில் வசூலிக்கலாம் என்றால் அதிலும் சிக்கல் இருக்கிறது. 2021 தொடக்கத்திலிருந்து வீடுகளுக்கு மாதம் 10 முதல் 100 ரூபாய் வரை கட்டணம் வசூலிக்கப்போவதாகச் சென்னை மாநகராட்சி அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைத்தது. கேரளம் வேறு வழியில் போனது. அங்கே குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்களைக் கொண்ட ஹரித கர்ம சேனை, மக்காத குப்பையை வீடு தேடி வந்து வாங்கிக் கட்டணமும் பெறுகிறது. பல ஊர்களில் வீட்டுச் சுவரில் ஒட்டிய கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பதிவு செய்கிறார்கள். வீட்டில் யார் குடியிருந்தாலும், எத்தனை பேர் மாறினாலும், கணக்கு அந்த வீட்டோடு இருக்கிறது. நம் லைன் வீடுகளுக்குத் தேவையானது அப்படியொரு நிலையான கணக்குத்தான்.

உரிமையாளரை முன்னால் நிறுத்துவது இதனால்தான். குடியிருப்பவர் ஆறு மாதத்தில் மாறலாம், தூய்மைப் பணியாளர் வேறு வார்டுக்குப் போகலாம், கவுன்சிலர் தேர்தலில் மாறலாம். மாறாமல் இருப்பவர் உரிமையாளர் ஒருவர்தான். அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது சரியாகத் தெரிந்தவர் அவர். கேட்டுக்கு உள்ளே இரண்டு டிரம் வைக்க நாலடி இடம் ஒதுக்கும் அதிகாரமும் அவருக்கு மட்டும்தான் உண்டு. வாடகைதாரர் நினைத்தாலும் அதைச் செய்ய முடியாது. உரிமையாளரிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கேட்டுக்கு உள்ளே நிழலான இடத்தில் மூடியுள்ள இரண்டு டிரம்கள், ஒன்று மக்கும் குப்பைக்கு, ஒன்று மக்காத குப்பைக்கு. வண்டி வரும் நேரத்தில் அவற்றை வெளியே வைத்து எடுக்க ஓர் ஆள். டிரம்மில் போடுவதும் பிரித்துப் போடுவதும் குடியிருப்பவரின் பொறுப்பு. இது கேட்டறியாத யோசனை ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் பல குடித்தனங்கள் பங்கிட்டு வாழும் வாடகை வீடுகளுக்கென 2006-ல் வந்த விதிகள், போதுமான குப்பைத் தொட்டிகளை வைப்பதும் உள்ளாட்சியின் சேவையைப் பொறுத்துக் குப்பையை அகற்ற மேற்கொண்டு ஏற்பாடு செய்வதும் வீட்டை நிர்வகிப்பவரின் கடமை என்கின்றன. அங்கேயும் வாடகை வீட்டு வாசல்களில் மூட்டைகள் கிடக்காமல் இல்லை. ஆனால் கிடக்கும்போது யாரைக் கேட்பது என்பதில் குழப்பம் இல்லை.

உரிமையாளர்கள் சொல்லும் மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. லைன் வீடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் பணக்காரர்கள் இல்லை. மூன்று அறை கட்டி அந்த வாடகையில் மருந்து வாங்கிச் சாப்பிடும் வயதானவர்கள் இருக்கிறார்கள், கணவரை இழந்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், இனி ஆள் போட்டுக் குப்பை பாருங்கள் என்று சொல்வது நியாயமில்லை. ஆகவே கடமையை அறைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அளக்க வேண்டும். மூன்று நான்கு அறைகள் இருந்தால் இடமும் இரண்டு சிறிய டிரம்மும் போதும். பத்து அறைக்கு மேல் போனால் ஆள் ஏற்பாடும் சேர வேண்டும். அறைக்கு மாதம் 3,500 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டு அறைக் காம்பவுண்டில் மாதம் 42,000 ரூபாய் வருகிறது. அங்கேயே குடியிருக்கும் ஒருவருக்கு வாடகையில் 500 ரூபாய் குறைத்துக்கொண்டு தினமும் டிரம்மை எடுத்து வைக்கச் சொல்லலாம். பொதுக் குளியலறை கழுவ, மோட்டார் போட இப்படி ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்றால் குப்பைக்கும் செய்யலாம். செலவை வாடகையில் ஏற்றிவிடுவார்கள் என்ற பயமும் உண்டு. முழுவதையும் ஏற்றினாலும் அந்த 500 ரூபாய், பன்னிரண்டு அறைக்குப் பிரித்தால் அறைக்கு 42 ரூபாய்தான் வரும். டெங்கு வந்து ஒரு வாரம் படுத்தால் போகும் கூலியோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வாசலில் கிடக்கும் தேங்காய் ஓட்டிலும் பிளாஸ்டிக் டம்ளரிலும் தேங்கும் மழைநீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால், ஒரு வாரம் பத்து நாளில் அது பறக்கத் தொடங்கிவிடும்.

"இவ்வளவு ஏற்பாடு எதற்கு, கொட்டுகிறவருக்கு அபராதம் போடுங்கள்" என்பது அடுத்த கட்சி. பிடித்தால்தானே போட முடியும்? இருட்டில் விழுந்த பையில் பெயர் எழுதியிருக்காது. கேமரா வைத்த இடத்தில் கொட்டுவது நிற்கும், பத்தடி தள்ளி கேமரா இல்லாத திருப்பத்தில் தொடங்கும். சுவரில் சாமி படம் போட்ட டைல்ஸ் பதித்தாலும் அதேதான், பக்கத்துச் சுவர் பாதிக்கப்படும். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடந்த ஓர் ஆய்வு 2008-ல் வெளியானது. சந்தில் நிறுத்திய சைக்கிள்களின் கைப்பிடியில் விளம்பரத் தாள்களை மாட்டிவைத்துவிட்டு, எடுத்தவர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். சுவர் சுத்தமாக இருந்தபோது தாளைக் கீழே போட்டுப் போனவர்கள் 33 சதவீதம். தடை அறிவிப்பையும் மீறிச் சுவரில் கிறுக்கல்கள் இருந்தபோது 69 சதவீதம். தெரு அதேதான், மாறியது சுவர் மட்டும். "இங்கே குப்பை கொட்டாதீர்" என்ற பலகைக்குக் கீழேயே குப்பை கிடக்கும்போது, அந்தப் பலகை சொல்லும் சேதி தலைகீழாகிவிடுகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்குத் தமிழ்ப் பலகையைப் படிக்கவும் தெரியாது. அபராதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிரம் வைத்து, வண்டியும் நேரத்துக்கு வந்து, அதற்குப் பிறகும் வெளியே வீசுபவருக்குப் போடலாம். வைக்க இடமில்லாதவரின் ஒருநாள் கூலியைப் பிடுங்குவது முறையல்ல.

பழையபடி தெருமுனையில் தொட்டி வைத்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் தொட்டிகள் எப்படி இருந்தன என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. எல்லாம் ஒன்றாகக் கலந்து, நிரம்பி வழிந்து, யார் வீட்டுப் பக்கத்தில் வைப்பது என்ற சண்டையில் தெருத் தெருவாக நகர்ந்தன. கலந்த குப்பை கடைசியில் எங்கே போகிறது என்பதைத் திருப்பூரே பார்த்துவிட்டது. கைவிடப்பட்ட பாறைக்குழிகளில் நகரத்துக் குப்பையைக் கொட்டியதை எதிர்த்துச் சுற்றுவட்டாரக் கிராம மக்கள் போராடினார்கள், 2025-ல் அது பெரிய பிரச்சினையாக வெடித்தது. நம் வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய பாதி மக்கக்கூடியது. அது தனியாக வந்துவிட்டால் வார்டு அளவிலேயே உரமாகிவிடும், பாறைக்குழி தேடிப் போக வேண்டியதில்லை. கேரளத்தின் ஆலப்புழையில் 2012 வாக்கில் குப்பைக் கிடங்குக்கு அருகிலிருந்த கிராம மக்கள் லாரிகளை மறித்தபோது, நகரம் வேறு வழியில்லாமல் வீட்டிலும் வார்டிலும் உரமாக்கும் முறைக்கு மாறியது, 2017-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு அதை எடுத்துக்காட்டான நகரங்களில் ஒன்றாகச் சொன்னது. பிரிப்பதற்கான இடம் கேட்டுக்கு உள்ளேதான் இருக்கிறது. தெருமுனைக்கு வந்துவிட்ட பிறகு பிரிக்க முடியாது.

மாநகராட்சிக்கு இதில் வேலை இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உரிமையாளர் டிரம் வைத்த பிறகு, இரண்டு டிரம்மும் ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டப்படுவதை ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தக் காம்பவுண்டில் அதற்குப் பிறகு யாரும் பிரிக்க மாட்டார்கள். லைன் வீடுகள் நிறைந்த தெருக்களுக்கு இரவு ஒன்பது மணி வாக்கில் ஒரு நடை வண்டி விட வேண்டும், தொழிலாளி அவசரமில்லாமல் அறையில் இருக்கும் நேரம் அதுதான். வண்டியில் ஒலிபரப்பும் அறிவிப்பை இந்தியிலும் ஒடியாவிலும் சேர்த்துப் போட வேண்டும். எங்கெங்கே காம்பவுண்டு வீடுகள் இருக்கின்றன, எத்தனை அறை என்ற பட்டியல் முதலில் தேவை. ஒரே கதவு எண்ணில் எத்தனை மின் இணைப்பு என்று பார்த்தாலே பாதிப் பட்டியல் கிடைத்துவிடும். இதையெல்லாம் செய்தால் முதலில் நிம்மதி அடைபவர் தூய்மைப் பணியாளர். இன்று அவர் அந்தப் பைகளைக் கையால் பிரிக்கிறார். உடைந்த பீர் பாட்டில் எந்தப் பையில் இருக்கிறது என்பது விரல் வெட்டுப்பட்ட பிறகுதான் தெரிகிறது. நாப்கினையும் டயப்பரையும் தனியாகக் காகிதத்தில் சுற்றி அடையாளம் வைத்துக் கொடுப்பதற்கும், கண்ணாடித் துண்டை அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுப்பதற்கும் பணம் செலவில்லை, ஒருவர் சொல்லிக் கொடுத்தால் போதும். புதிதாகக் குடிவரும் அன்று அட்வான்ஸ் வாங்கும்போதே அதைச் சொல்லிவிடலாம்.

அன்றாடக் குப்பையைவிடப் பெரிய மூட்டை வருவது வீடு காலி செய்யும் நாளில்தான். கிழிந்த மெத்தை, பஞ்சு பிதுங்கிய தலையணை, கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, தெர்மாகோல். பழைய இரும்புக்கடைக்காரர் இரும்பையும் அட்டையையும் எடுத்துக்கொள்வார், மெத்தையைத் தொட மாட்டார். ரயிலைப் பிடிக்கப் போகிறவருக்கு அதைச் சுமந்து போக வழியில்லை, சாமான் வண்டிக்காரரும் ஏற்ற மாட்டார். அது மின்கம்பத்தடியில் விழுகிறது, மழையில் ஊறுகிறது, மற்ற பைகளுக்கு அதுவே இடம் காட்டிவிடுகிறது. இதற்கான ஏற்பாட்டை அட்வான்ஸ் பேசும்போதே செய்துகொள்ளலாம். காலி செய்வதற்கு முன் இப்படிப்பட்ட சாமான் இருந்தால் உரிமையாளரிடம் சொல்ல வேண்டும், அவர் வார்டு அலுவலகத்தில் சொல்லி எடுக்க வைக்க வேண்டும், அதுவரை அது கேட்டுக்கு உள்ளேயே இருக்க வேண்டும். மாநகராட்சி மாதம் ஒருநாள் பெரிய சாமான்களுக்கென்று வண்டி விட்டால் இது நடக்கும். நம்மூரில் வீடு மாறுகிற காலமும் ஒழுங்கானதுதான். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலானோர் வீடு மாற மாட்டார்கள். தை பிறந்ததும் சாமான் வண்டிகள் தெருவில் ஓடத் தொடங்கும், அதற்கு முந்தைய நாள் போகிக்கு எல்லா வீட்டிலிருந்தும் பழையது வெளியே வரும். மாநகராட்சியின் அந்த முதல் வண்டியை மார்கழிக் கடைசி வாரத்தில் லைன் வீட்டுத் தெருக்களுக்கு அனுப்பலாம்.